புகை கக்கிய கல்யாண வண்டி

கஞ்சி போட்ட சட்டைக்குள் கம்பீரமாய் வீற்றிருந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சலவைக் கடை உரிமையாளரே, அதாவது என்னைப் பெற்ற அப்பாவே! மேடையை நிறைத்திருக்கும் மெக்கானிக் சங்கத்து மூத்தோரே! கணவன்மாரின் காக்கிச் சட்டையைத் துவைத்துத் துவைத்தே கைரேகை தேய்ந்த தாய்மார்களே! 'எதையும் உளறிவிடாதே' என்று முன்வரிசையிலிருந்து கண்ணால் கெஞ்சும் என் கணவரே! அனைவருக்கும் வணக்கம்.

இஞ்சினின் மூச்சை அளக்கும் சென்சாரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன், என் கல்யாணக் கதையாக. என்ன சிரிப்பு அங்கே? இருங்கள், உங்கள் வண்டவாளமும் வரும்!

என் அப்பாவுக்கு ஆகாதது ஒன்றே ஒன்று: கிரீஸ். கறைகளிலே கடுங்கறை, சோப்புக்கும் சோடாவுக்கும் சொல்பேச்சுக் கேளாத கொடுங்கறை! அவர் மகள் யாரைக் காதலித்தாள்? ஒரு மெக்கானிக்கை! பல மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர், கடைசியில் இறங்கி வந்தார். "பதிவு ஆபீசுக்கு வரேன். சாட்சிக் கையெழுத்தும் போடுறேன். ஆனா அந்தத் தம்பி கையில ஒரு பொட்டு கிரீஸ் பாத்தேன், அப்படியே திரும்பிடுவேன்."

மாமனார் ஏறப்போகும் வண்டியாயிற்றே! முதல்நாள் மாப்பிள்ளை இஞ்சினைத் தேய் தேய் என்று தேய்த்துக் குளிப்பாட்டினார். வினையே அங்குதான்.

மறுநாள் நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் அப்பா. பின்னால், கழுவிய கைகளைக் கண்ணாடிச் சாமான்போல் மடியில் வைத்தபடி மாப்பிள்ளை. மிதித்தால் பாய்கிறது வண்டி. காலை எடுத்தால் குலுங்குகிறது. சிக்னலில் நின்றால் செத்தே போகிறது! புகையா அது? பின்னால் வந்தவரெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு திட்டினார்கள். மதியத்தோடு ஆபீஸ் மூடிவிடும். அந்த அவசரத்தில், ஒரு மேட்டில் மொத்தமாய் நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக்கின் சொந்த வண்டியில் எது பிடிக்கும்? கைதட்டாதீர்கள், உங்கள் வண்டிகளிலும் ஏறியிருக்கிறேன்!

மாப்பிள்ளை பானெட்டைத் தொடப் போனார். "தம்பி, கை!" என்றார் அப்பா. கை பின்னால் போய்விட்டது.

நான் கத்தினேன். "அப்பா, ஒண்ணு அவர் கை படணும், இல்ல உங்க கை படணும். என் கால் பிரேக்குல இருக்கு. எடுத்தா வண்டியோட நான் பள்ளத்துல!"

அப்பா என்னைப் பார்த்தார். தம் சட்டையைப் பார்த்தார். இறங்கிப் போய், கைமடிப்பை ஏற்றிவிட்டு பானெட்டைத் திறந்தார்.

மாப்பிள்ளை வாயாலேயே வைத்தியம் பார்த்தார். "மாமா, இஞ்சின் காத்து இழுக்குற குழாய் அது. கால எடுத்தா வழி அடைபடும், உள்ள அழுத்தம் கம்மி. மிதிச்சா வழி தொறக்கும், அழுத்தம் ஏறும். அத அளந்து சொல்ற சென்சார்தான் அந்தச் சின்ன டப்பா. அது சொல்றதப் பாத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும்."

"அதுக்கென்ன இப்போ?"

"நேத்து நான் தேச்ச தேய்ப்புல, டப்பாவுக்குப் போற ரப்பர் டியூபு முனை கிழிஞ்சு விட்டிருக்கும். வெளிக்காத்து ஏறுது. நின்னாலும் மேடு ஏறுறதா நெனச்சுப் பெட்ரோலக் கொட்டுது."

"அப்போ டப்பா பொய் சொல்லுதா?"

"இல்ல மாமா. தனக்கு வந்தத அப்படியே சொல்லுது. வந்த வழிதான் கிழிஞ்சிருக்கு."

சங்கத்துச் சிங்கங்களே! கேட்டீர்களா? டியூபைத் தொட்டுப் பார்க்காமல் எத்தனை சென்சாரைக் கழற்றி எறிந்தீர்கள்? எத்தனை அப்பாவிகளுக்குத் தண்டனை கொடுத்தீர்கள்? ஏன் தலை குனிகிறது? இனி வண்டி புகைந்தால், முதலில் குழாயைப் பாருங்கள்! குற்றம் சாட்டுமுன் குழாயைப் பாருங்கள்! விலை சொல்லுமுன், ஐயா, குழாயைப் பாருங்கள்!

துணியில் நூல் வெட்டும் கத்தரி எப்போதும் அப்பாவின் பையில் இருக்கும். டியூபின் கிழிந்த முனையை வெட்டி, மிச்சத்தை அழுத்திச் செருகினார். சாவியைத் திருப்பினேன். சீராக, சாதுவாக, சத்தமே இல்லாமல் ஓடியது இஞ்சின்! அப்பா அதைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். "ஏறுங்கப்பா, நேரமாச்சு" என்று நான்தான் உள்ளிருந்து கத்தி ஏற்றினேன்.

கதவைச் சாத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்தோம். பதிவாளர், பேனாவோடு நிமிர்ந்து, "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்றார். மாப்பிள்ளை கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"மெக்கானிக். நல்ல மெக்கானிக். அப்படியே எழுதுங்க சார்."

அந்தக் குரல்தான் இன்று இந்த அவைக்குத் தலைமை. அழுகிறாரா? இல்லை, மின்விசிறித் தூசியாம்! இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கு நன்றி கூறி, எல்லோர் வண்டியும் புகையாமல் வீடு போய்ச் சேர வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!