பழைய பிரிண்டரின் முகவரி

எனக்குத் தேத்தண்ணி பிடிக்காது சார். தேயிலைத் தோட்ட ஆபீசில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருப்பவன் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது சிரித்தால் எனக்குப் பொறுக்காது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துக் கிளினிக்கில் உமாதேவி டிரெசர், டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுப்பவர். பூச்சிமருந்து அடிக்கும் பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அளவைக் கம்ப்யூட்டரில் பதிவார். பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் உடம்பில் விஷம் ஏறுவது தெரியும். ஏறியிருந்தால் கொழுந்தெடுக்க மாற்றிவிடுவார்கள். பதிவுகளின் நகல் தினமும் ஆபீசில் இருக்கும் புது பேக்கப் பெட்டிக்கு வரவேண்டும். பெட்டியின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருந்ததால் ஒரு நாள்கூட வந்து சேரவில்லை.

மேனேஜர் முன்னால் உமாதேவி கேட்டார். "மகேன், வீட்டு நம்பர் தினம் மாறுனா தபால் எப்படி வரும்? ஒரே அட்ரஸ் நிரந்தரமா குடு லா. இதுகூடத் தெரியாதா?"

மேனேஜர் சிரித்தார். உமாதேவியும் சிரித்தார்.

அன்றே அந்த முகவரியை நிரந்தரமாக்கினேன். பெட்டிக்கு அல்ல, ஸ்டோரில் கிடந்த பழைய பிரிண்டருக்கு. கிளினிக் கம்ப்யூட்டர் தினமும் அங்கேதான் அனுப்பியது. 'நகல் சேரவில்லை' என்ற மெயில் எனக்கு மட்டும் வரும். ஏழு மாதம் வந்தது. படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும். உமாதேவி விசாரித்தால், "எல்லாம் சரியா போவுதுக்கா" என்பேன்.

ஏப்ரலில் இடி விழுந்து கிளினிக் கம்ப்யூட்டர் கருகிப்போனது. பெட்டியில் ஒன்றுமில்லை. எல்லோரும் தேடினார்கள், நானும் இரண்டு நாள் தேடினேன். நகல் அனுப்புவது கிளினிக்கின் பொறுப்பு, அதனால் உமாதேவியின் கவனக்குறைவு என்று முடிவானது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அவர் சாமான்களை லோரியில் ஏற்ற நான்தான் கைகொடுத்தேன்.

வடிவம்மாள் இருபது வருடமாக மருந்து அடித்தவர். கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது என்றார். புதிதாக ரத்தம் எடுத்தார்கள், ஒப்பிடப் பழைய அளவு இல்லை. "பனிதான் லா, போர்த்திக்கிட்டுப் போ" என்று கங்காணி அனுப்பிவைத்தார். ஜூனில், மருந்து டாங்கி முதுகில் இருக்க, தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து செத்துப்போனார்.

நான் எதையும் அழிக்கவில்லை சார். வேலையில் நான் சுத்தம். முகவரியை மாற்றிய வாரத்திலிருந்து, சனிக்கிழமைதோறும் கிளினிக் பதிவு முழுவதையும் பென் டிரைவில் எடுத்துவைத்தேன். வடிவம்மாளின் எட்டு வருட அளவும் அதில் இருக்கிறது. என் மேசை டிராயரில்தான் கிடந்தது, பூட்டக்கூட இல்லை.

உமாதேவி ஒருமுறை வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு யார்மேலும் பகை கிடையாது.