இலக்கம் பொறித்த கோது

உங்கள் பொலிஸ் நிலையத்து வாசல் மணி இவ்வளவு சத்தமாக அடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. பியர்பொன்ட்ஸ் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். மன்னிக்க வேண்டும். எனக்குப் பிரெஞ்சு கடையில் பாண் வாங்கும் அளவுக்குத்தான் வரும். இந்தத் தம்பி நிஷான் மொழிபெயர்க்கட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் செயின்ட்-மிஷேலில் என் மகள் மெலனி பஸ்ஸுக்கு நின்றாள். யாரோ யாரையோ சுட்டதில் செத்துப்போனாள். நிலத்தில் ஆறு வெற்றுத் தோட்டாக் கோதுகள் கிடந்தன. எந்தத் துப்பாக்கி என்று அவை சொல்லவில்லை. வழக்கு அத்தோடு நின்றது.

பிறகுதான் அறிந்தேன்: சுடும்போதே, துப்பாக்கிக்குள் தோட்டாவை அடிக்கும் ஊசி அந்தத் துப்பாக்கியின் இலக்கத்தைக் கோதில் பொறித்துவிடும்படி செய்யலாமாம். எல்லாத் துப்பாக்கிக்கும் அதைச் சட்டமாக்கக் கேட்டு, பூசை முடிய கோயில் வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன். முதலில் போட்டவர் திரேசம்மா. எங்கள் எம்.பி. மரியாதையானவர். தேநீர் தந்து கேட்டார்: "ஊசியை அரத்தால் ராவி இலக்கத்தை அழித்துவிடலாம் என்கிறார்களே. இங்கே அதனால் ஒரு கொலையாவது பிடிபட்டதா?"

நியாயமான கேள்வி. ஒரு வழக்கு தேவைப்பட்டது.

அருள்நேசன் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினன். தன் கைத்துப்பாக்கியில் அந்த ஊசியை அவன் விரும்பியே பூட்டியிருந்தான். எங்கள் கூட்டங்களில் அவன்தான் விளக்கம் சொல்வான். அவன் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறக்கும் இலக்கம் அவன் மகளின் ஞானஸ்நானத் தேதி. "நீங்கள்தானே அண்ணை ஞானத்தகப்பன், நான் மறந்தாலும் நீங்கள் மறக்கமாட்டியள்" என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஒக்டோபரில் மாதா சொரூபம் கிழமைக்கு ஒரு வீடாகப் போகும். கொண்டுபோவதும் எடுத்துவருவதும் என் பொறுப்பு. அவன் வீட்டில் சொரூபத்தை வைத்த ஞாயிறு, மேலே செபமாலை நடக்க, நான் கீழே போய்த் துப்பாக்கியை எடுத்தேன். அடுத்த ஞாயிறு சொரூபத்தை எடுக்கப் போனபோது திரும்ப வைத்தேன்.

இடையில் வந்த சனிக்கிழமை காலை. யாரைத் தெரிவுசெய்வது என்று நிறைய யோசித்திருந்தேன். பிள்ளைகுட்டி உள்ளவர்களை விட்டுவிட்டேன். அந்த வேதனை எனக்குத் தெரியும். திரேசம்மாவுக்கு ஒருவருமில்லை. ரொக்ஸ்பரோவில் வேலைக்குப் போக நின்றார். "மரியதாசனோ, பஸ் இண்டைக்கும் பிந்துது" என்றார். ஓம் என்றேன். ஒருமுறைதான் சுட்டேன். கோதை எடுக்கவில்லை.

திங்கட்கிழமையே அருள்நேசனைப் பிடித்தீர்கள். அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

ஆனால் அவனுடைய வக்கீல், கழகத்து நிலத்தில் கிடந்த கோதை எவரும் பொறுக்கிவந்து போட்டிருக்கலாம் என்கிறார். குண்டு நசுங்கிவிட்டதால் வேறு சாட்சி இல்லையாம். கோதை நம்பமுடியாது என்று பேப்பர்கள் எழுதுகின்றன. அருள்நேசன் பிடிபட்டதும் சட்டத்தைக் கொண்டுவர ஒப்புக்கொண்ட எம்.பி.யும் அதைக் கைவிடப் போகிறார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றையும் தடுக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். அந்தத் துப்பாக்கிதான் சுட்டது. பிடித்த கை என்னுடையது.

மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தம்பி என்னைக் கேட்கிறான்:

"ஐயா, நாலு மாசமாய் உள்ளுக்க இருக்கிற அருள்நேசனுக்காகத்தானே வந்தனீங்கள்?"

"அதைப் பேந்து பாப்பம், தம்பி. கோதில இருந்த இலக்கம் சரியெண்டு முதல்ல எழுதச் சொல்லுங்கோ."