கடைசி அடி அடிக்காதவளின் அங்கி

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். நாளைய கூட்டத்துக்கு வர இயலாத நான், நம் கணினி விளையாட்டுக் குழுவின் இணையப் பக்கத்தையே மேடையாக்கிப் பேசுகிறேன்.

அவைக்குத் தலைமையேற்கும் குழுத் தலைவர் இளஞ்செழியன் அவர்களே! மூத்த மந்திரவாதி தெய்வசிகாமணி ஐயா அவர்களே! வாள்வீரர் வினோத்குமார் அவர்களே! தாய்மார்களே! தாய் என்று இங்கே இருப்பவள் நான் ஒருத்திதான். எனக்கு நானே வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை எரிமலைக் குகையில் அத்தனை பேரும் மாண்டோம். "அக்கா, ஹீல் போடுங்கக்கா! கொழந்தைய தூக்கப் போயிட்டீங்களா?" என்று வினோத் தம்பி எழுத்திலேயே அலறினார். போனேனா? பிள்ளை தோளில், கை மவுசில்! போனது நானல்ல, என் மந்திர சக்தி! அது வற்றிய பிறகு எதைக் கொண்டு உங்கள் காயத்தை ஆற்றுவேன்? கண்ணீரைக் கொண்டா?

ஏன் வற்றியது? சக்தி ஊறும் நீல அங்கி முந்தின சண்டையில் கிடைத்தது. அதை எடுத்தவர் யார்? வாள்வீரர்! மந்திரம் போடுபவருக்கான அதை அவரால் உடுத்தவே முடியாது. பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டால், "கடைசி அடி அடிச்சவனுக்குத்தான் பொருள், அதான நம்ம சட்டம்?" என்கிறார். காயம் ஆற்றுவதுதான் என் வேலை, அடிப்பதல்ல எனும்போது, அது எவருக்கான சட்டம்?

எனக்குத் தந்தது என்ன? நெருப்பைக் கக்கும் மாணிக்கக் கோல்! "பளபளன்னு இருக்குல்லக்கா, ஒங்களுக்குப் புடிக்கும்" என்றார் அதே வினோத் தம்பி.

யார் அங்கே சிரிப்பது? செல்வகுமாரா? சிரியுங்கள் தம்பி. குகையில் முதலில் செத்தவர் நீங்கள்!

காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியாங்குப்பத்தில் பஸ் ஏறுபவள் பையில் எதை வைப்பாள்? வளையலையா? பால் புட்டி வைப்பாள், மாற்றுத்துணி வைப்பாள், மருந்து வைப்பாள்! காயம் ஆற்றும் ஹீலரின் உடைமையும் அப்படித்தான். சக்தி ஊற வேண்டும், மந்திரம் விரைய வேண்டும், உங்களுக்கு முன் நான் சாகாதிருக்க வேண்டும். மினுக்கு வேண்டாம்!

ஞாயிறன்று மறுபடியும் அதே குகை. நீல அங்கி என் தோளில் இருந்தால் உள்ளே வருவேன். இல்லையேல் வாசலிலேயே நிற்பேன். அந்தக் கடைசி அடியை வைத்துக்கொண்டு உயிர் பிழைத்துப் பாருங்கள்!

பொறுமையாய்ப் படித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

தலைவரே, அங்கி கிடைக்குமா, கிடைக்காதா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சுமலதா