ஸ்பிட்டி போய் வந்தவர்

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டுக் கடை வாசலில் மேசைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், மனைவி பக்கத்தில் நிற்க, இமயமலைப் பயணத்துக்குத் திட்டம் போடும் இளைய நண்பரிடம் சொன்னார்:

"குலுவை நாங்க ரெண்டு தடவை மேலேர்ந்தே பாத்துட்டோம், கார்த்தி."

"இறங்கலையா?"

"ஒரே மேகம். ரெண்டு தடவையும் ஃப்ளைட்டை டெல்லிக்கே திருப்பிட்டாங்க. அப்புறம் கார்லதான் ஸ்பிட்டி போனோம்."

"ரோடு எப்படி?"

"பாதி இடத்துல ரோடு மேலயே தண்ணி ஓடும். டிரைவர் இறங்கி, கல்லைத் தள்ளிட்டு ஓட்டுவார். நான் செம என்ஜாய் பண்ணேன்."

"கண்ண மூடிட்டு," என்றார் மனைவி, போனிலிருந்து நிமிராமல்.

"அவ்ளோ உயரம் ஒத்துக்குமா? எனக்கு அதான் பயம்."

"தண்ணி நிறைய குடி, ஒண்ணும் ஆகாது. அங்க ஒரு ஏரி இருக்கு பாரு, அப்படி ஒரு நீலம்!"

மனைவி இப்போது நிமிர்ந்தார். "கார்த்தி, ஏரிக்கு நானும் டிரைவரும்தான் போனோம். இவர் நாலு நாளும் ரூம்ல ஆக்சிஜன் மாஸ்க்கோட படுத்திருந்தார். இவர் பாத்தது நான் எடுத்த ஃபோட்டோ."

அவர் உடனே மனைவியிடம் திரும்பிக் கேட்டார்:

"அந்த ஃபோட்டோக்கு ஃபில்டர் போட்டது யாரு?"