ஈர வளைவு

மாமியார்: …அதான் சொல்றேனே, இந்தத் தொப்பியைப் போட்டா காதே கேக்கல.

மருமகள்: ஹெல்மெட் அத்தை. கழட்டாதீங்க, பயிற்சி குடுக்கறவங்க பாக்கறாங்க.

மாமியார்: பாக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷமா கார் ஓட்டறேன். வளைவுல எப்படித் திரும்பறதுன்னு எனக்கு இன்னிக்குக் கத்துக் குடுக்கப் போறாங்களாம்!

மருமகள்: உங்க பிள்ளை சொன்னது ஞாபகம் இருக்கில்ல? ஒண்ணு இந்தப் பயிற்சி, இல்லைன்னா கார் போயிடும்.

மாமியார்: யார் காரை யார் விக்கறது? ரிடையர் ஆன கையோட ஆசைப்பட்டு நான் வாங்கினது. மிதிச்சா புலி மாதிரி பாயும். அவன் வண்டி அது முன்னாடி ஆட்டுக்குட்டி!

மருமகள்: மெதுவா அத்தை… வந்துட்டாங்க.

பயிற்சியாளர்: வணக்கம் மேடம். நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். பின்னாடி நீங்க வசதியா இருக்கீங்களா?

மருமகள்: முட்டி காதைத் தொடுது. மத்தபடி சௌகரியம்.

மாமியார்: என் மருமக. துணைக்கு வந்திருக்கா. ஏம்மா, உனக்கு என்ன வயசு?

பயிற்சியாளர்: இருபத்தொம்பது.

மாமியார்: நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தவ நான்.

பயிற்சியாளர்: அப்ப சுலபமானதுலயே ஆரம்பிப்போம். இந்த மைதானத்துல நேரா எண்பதுல போங்க. மஞ்சள் கூம்பு வந்ததும் பிரேக். சிவப்புக் கூம்புக்கு முன்னாடி வண்டி நிக்கணும்.

மாமியார்: இவ்வளவுதானா? இதோ பாரு…

மருமகள்: அத்தை, சிவப்பு… சிவப்பு…

மாமியார்: அமுக்கிட்டுத்தான் இருக்கேன்!

பயிற்சியாளர்: …நின்னாச்சு. சிவப்புக் கூம்பு இப்ப வண்டிக்கு அடியில இருக்கு மேடம்.

மாமியார்: பிரேக் சரியில்ல.

பயிற்சியாளர்: பிரேக் அருமையா இருக்கு. நீங்க பாதிதான் மிதிச்சீங்க. கரப்பான்பூச்சியை மிதிக்கற மாதிரி மிதிக்கணும்.

மாமியார்: அப்படி மிதிச்சா வண்டி கவுந்துடாதா?

பயிற்சியாளர்: கவிழாது. காலுக்கு அடியில டடடடன்னு அதிரும், அவ்வளவுதான். பயந்து காலை எடுத்துடாதீங்க. இன்னொரு தரம்… இப்ப!

மாமியார்: அடேயப்பா!

மருமகள்: என் மூக்குக் கண்ணாடி எங்க போச்சு?

பயிற்சியாளர்: பாருங்க, சிவப்புக்கு இன்னும் ஒரு கார் நீளம் பாக்கி இருக்கு.

மாமியார்: அப்ப… இத்தனை வருஷமா பிரேக்ல பாதியைத்தான் பாத்திருக்கேனா?

பயிற்சியாளர்: முக்காவாசிப் பேர் அப்படித்தான். கார் பைத்தியம்னா கேக்கவே வேணாம். டயரை மாத்துவாங்க, சைலன்சரை மாத்துவாங்க… ஓட்டற ஆளை மட்டும் அப்படியே விட்டுடுவாங்க.

மாமியார்: வாயாடி! சரி, அடுத்தது என்ன?

பயிற்சியாளர்: அந்த வளைவு. தண்ணி பீச்சி வெச்சிருக்கோம். வண்டி வழுக்கும், வழுக்கணும். கூம்பைப் பாக்காதீங்க. வெளியே போற வழியைப் பாருங்க. கண்ணு போற பக்கம்தான் கையும் போகும்.

மாமியார்: பாக்காதேன்னு சொன்னதும் கூம்பு மட்டும்தான் தெரியுது… ஐயோ, சுத்துதே… சுத்துதே!

பயிற்சியாளர்: பிரேக்! …ஒண்ணரைச் சுத்து. எல்லாரும் நல்லா இருக்கோமா?

மாமியார்: ராட்டினம் மாதிரி இருந்துச்சு! விடும்மா, இன்னொரு தரம் போறேன்… வழி… வழி… வழியை மட்டும்தான் பாக்கறேன்… பாத்தியா? வெண்ணெய் மாதிரி திரும்பிடுச்சு! என்னடி, கண்ணை மூடிட்டியா?

மருமகள்: ஒண்ணுமில்ல அத்தை.

மாமியார்: முதல்ல சீட்டை விடு. இந்தா, தண்ணி குடி.

பயிற்சியாளர்: மேடம், போன மாசம் மழையில வண்டி இதே மாதிரி சுத்திச்சுன்னு படிவத்துல எழுதியிருக்கீங்களே?

மாமியார்: ஆமா… பாலம் இறங்கற வளைவுல. பஸ் ஸ்டாப் சுவருக்கு ஒரு முழம் இருக்கறப்ப நின்னுச்சு. நல்ல வேளை, அங்க யாரும் நிக்கல.

பயிற்சியாளர்: சுத்தறதுக்கு முன்னாடி உங்க கால் எதுல இருந்துச்சு?

மாமியார்: காலா? …செருப்புல.

பயிற்சியாளர்: இல்ல மேடம். ஆக்சிலரேட்டர்லயா, பிரேக்லயா?

மாமியார்: அது… மாத்தி மாத்தி…

பயிற்சியாளர்: முன்பக்கம் நழுவுச்சா, பின்பக்கமா?

மாமியார்: பொதுவா நழுவுச்சு.

மருமகள்: பின்பக்கம். ஸ்டியரிங்ல ஒண்ணுமே தெரியல, இடுப்புலதான் தெரிஞ்சுது. பாதி வளைவுல ஆக்சிலரேட்டர்லேர்ந்து சட்டுன்னு காலை எடுத்துட்டேன்… எடுத்துட்டாங்க.

பயிற்சியாளர்: …ஓ.

மாமியார்: பக்கத்துல உக்காந்து நல்லா கவனிச்சிருக்கா.

பயிற்சியாளர்: ரொம்பவே கவனிச்சிருக்காங்க. காலை எடுத்ததுதான் தப்பு. பாதி வளைவுல வெடுக்குன்னு காலை எடுத்தா பாரம் முன்பக்கம் சாஞ்சிடும், பின் டயர் பிடியை விட்டுடும். பழகினா சரியாயிடும்.

மருமகள்: நிஜமாவா? சரியாயிடுமா?

பயிற்சியாளர்: ஆயிடும். ஆனா பின் சீட்ல உக்காந்து பழக முடியாது.

மருமகள்: நான்… அன்னிலேர்ந்து ஸ்டியரிங்கையே தொடல.

மாமியார்: தெரியும். அதுக்குத்தானே உன்னை இழுத்துட்டு வந்தேன்? இறங்கு, இடம் மாத்திக்கலாம். படிவத்துல உன் பேரையும் எழுதிட்டேன்.

மருமகள்: சரி அத்தை… பெல்ட் போட்டாச்சு. கிளம்பறேன்.

பயிற்சியாளர்: மெதுவா… காலை எடுக்காதீங்க. அப்படியே வெச்சுக்குங்க. வழியைப் பாருங்க.

மருமகள்: நழுவுது… நழுவுது… பாக்கறேன்… நேராயிடுச்சு! அத்தை, நேராயிடுச்சு!

மாமியார்: கத்தாதடி, ஹெல்மெட்டுக்குள்ளயே கேக்குது!

பயிற்சியாளர்: பிரமாதம்! இன்னும் பத்து தரம் போங்க.

மருமகள்: போறேன். அத்தை… ஓட்டினது நான்தான்னு இன்னிக்கு வீட்ல அவர்கிட்ட சொல்லிடறேன். என் பழியை எதுக்கு நீங்க சுமக்கணும்?

மாமியார்: தாராளமா சொல்லு. ஆனா சொல்றதை முழுசா சொல்லு… பக்கத்து சீட்ல உக்காந்துட்டு, "காலை எடு, காலை எடு"ன்னு உன் காதுகிட்ட கத்தினது யாருங்கறதையும் சேத்துச் சொல்லிடு.