துரை விட்டுப்போன ராணிகள்

உக்காருங்க ஐயா. அந்தக் காசுங்களுக்குக் கால் மொளச்சு எங்கயும் ஓடிறாது. வெளிய பாருங்க, மழ என்னமா அடிக்குது. இந்த மழையில அந்த எடத்துல போயி மம்புட்டியப் போட்டா சேறுதான் வரும். லோரி சாயங்காலந்தானே, குருண் முச்சந்தியில நிக்கும்னு நீங்களே சொன்னீங்க. நேரம் கெடக்கு லா.

இந்தாங்க, குடிங்க. காப்பின்னு சொல்லிக்கிறது. மரவள்ளிக் கெழங்கக் கருக வறுத்து இடிச்ச தூளு. சீனியா? சீனி ஒங்க வீட்ல இருந்துச்சுன்னு கூலிக்காரங்க லயத்துக்கே தெரியும். இங்க ஏது?

என்ன புதுசா இருளப்பண்ணேங்கிறீங்க? இருவது வருசமா டேய்தான். அது பழகிப்போச்சு. அண்ணேன்னு நீங்க கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடுறாப்புல நான் பின்னால திரும்பிப் பாக்குறேன்.

கையில அந்தப் பட்டையக் காணமே ஐயா? ஜப்பான்காரன் குடுத்தது. கழட்டிட்டீங்களா. நல்லதுதான். ஆனா சட்டையப் பாருங்க, மத்த எடமெல்லாம் வெயில்ல வெளுத்துப்போச்சு, பட்ட கட்டியிருந்த எடம் மட்டும் புதுத்துணியாட்டம் நிக்குது. பிந்தாங் தீகாக்காரனுங்க தேடுறது அதத்தானாம். அதான், ஜப்பான்காரன எதுத்து மலையில கெடந்துட்டு, இப்பத் தொப்பியில மூணு நட்சத்திரம் குத்திக்கிட்டு எறங்கியிருக்கானுங்களே. ஜப்பான்காரனுக்கு ஆள் புடிச்சுக் குடுத்தவன் எவன் எவன்னு தோட்டந்தோட்டமா விசாரிக்கிறானுங்க. கையக் கட்டி அத மறைக்காதீங்க. குளுருதா? சரி, குளுருதான்.

யோசன நல்ல யோசனதான். ஜப்பான்காரன் கையத் தூக்கிட்டான். வெள்ளக்காரன் பினாங்குல எறங்கப்போறான். நம்ம தொரையும் வருவாரு. அவரு முன்னாடி காசுப் பொட்டிய வச்சு, உசுரக் குடுத்துக் காப்பாத்துனேன்னு சொன்னா தர்மலிங்கக் கிராணி நல்லவராயிடுவாரு. எவனும் தொடமாட்டான். அதுக்குத்தானே இந்த மழையில ஓடி வந்தீங்க? தொரையும் நம்புவாரு. எத்தன பேரு செத்தாங்கன்னா மொதல்ல கேப்பாரு? என் பொம்பளைங்க எங்கன்னுதான் கேப்பாரு. அந்த வெள்ளிப் பொம்பளைங்கள.

நீங்க அதுங்கள ஒரு தடவகூடப் பாத்ததில்லல்ல? ஆபீசுல கணக்கு எழுதுற வரைக்குந்தான் ஒங்களுக்கு. பங்களாவுல தூசி தட்டுனது நான். தொரைசானி சீமைக்குப் போனவ திரும்பல, அதுக்கப்பறம்தான் மனுசனுக்கு இந்தக் கிறுக்குப் புடிச்சுது. தபால்ல வரும், பஞ்சுல சுத்தி. ரோமாபுரின்னு ஒரு தேசமாம், நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கெல்லாம் முந்தி. அங்க ராசாவுங்க காசுல தன் மூஞ்சியப் போடுவானுங்களாம். செல பேரு பொண்டாட்டி மூஞ்சியப் போடுவான், ஆத்தா மூஞ்சியப் போடுவான். தொரைக்கு ராசா வேணாம். தப்பித்தவறி ராசா தல வந்துட்டா மறு தபால்ல திருப்பி அனுப்பிருவாரு. பொம்பளத் தல மட்டுந்தான்.

பேரு எங்க என் வாயில நொழையுது. கொண்டைய வச்சு அடையாளம் வச்சிருந்தேன். ஒருத்தி உச்சந்தலையில கொண்ட போட்டு முத்துச் சுத்தியிருப்பா. அவ மக பின்னங்கழுத்துல போட்டிருப்பா. ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஒரே பேராம், பாஸ்தினா. இன்னொருத்தி ஜூலியா. முடி அல அலையா, இரும்புச் சட்டியக் கவுத்தாப்புல. அவ மூஞ்சி அச்சு அசலா, ஆள வேல வாங்குற நம்ம மண்டோர் சம்சாரம் புஷ்பவள்ளி மூஞ்சி. தொரைகிட்டச் சொன்னேன். மனுசன் சிரிச்ச சிரிப்புல சுருட்டு கீழ விழுந்து பாய்ல ஓட்ட.

பொல்லாத தெய்வம் மாதிரி வச்சிருந்தாரு ஐயா. கறுப்பு வெல்வெட்டு, காசுக்கொரு குழி. ஓரத்தப் புடிச்சுத்தான் தூக்கணும். மூஞ்சியில வெரல் படக்கூடாது. நான் ஒரு நாளு, அழுக்கா இருக்கேன்னு, புளி போட்டுத் தேச்சு நாலு காசப் பளபளன்னு வச்சிட்டேன். குத்துவெளக்குத் தேய்க்கிறாப்புல. பாத்தாரு. அழுதுட்டாரு. வெள்ளக்காரன் அழுது அன்னிக்குத்தான் பாத்தேன். அந்தக் கறுப்புதான் அதுங்களோட வயசாம், நான் வயசத் தேச்சுத் தூக்கிப்போட்டுட்டேனாம். ஒரு மாசம் எங்கூடப் பேச்சு இல்ல. அதே வருசந்தான் ஆஸ்பத்திரிக் கொட்டாயில மூணு பச்சப்புள்ளைங்க செத்துச்சு. அதுக்கு அழுதாரா? நீங்க பாத்தீங்களா? நான் பாக்கல.

எந்திரிக்காதீங்க. மழ விடட்டும்.

ஜப்பான்காரன் ஜித்ராவத் தாண்டிட்டான்னு சேதி வந்த அன்னிக்கு, காருல விஸ்கி ஏறுச்சு, துப்பாக்கி ஏறுச்சு, நாய் ஏறுச்சு. நாய்க்கு முன்சீட்டு. பொட்டிக்கு எடமில்ல. இருளப்பா, என் பொம்பளைங்களப் பாத்துக்கன்னு எங்கையில குடுத்தாரு. வாசல்ல லயத்துப் பொம்பளைங்க புள்ளைகள இடுப்புல வச்சுக்கிட்டு நிக்குறாங்க, எங்களுக்கு என்ன வழி தொரைன்னு. அந்தப் பக்கம் தலையத் திருப்பல. கார் போயிருச்சு. நானும் சரிங்க தொரைன்னு பொட்டிய நெஞ்சோட அணச்சுக்கிட்டு நின்னேன். மடையன்.

அப்பறம் நீங்க வந்தீங்க. சுங்கைப் பட்டாணியில ஒரு ஜப்பான் ஆபீசர், அவனுக்கும் பழைய காசுன்னா உசுரு. நம்ம தோட்டத்துல இருக்கு, கொண்டாந்து தர்றேன்னு வாய் குடுத்துட்டு வந்துட்டீங்க. என்னயக் கேட்டீங்க. தெரியாதுன்னேன். வீட்டுத் தரையத் தோண்டுனீங்க. எம் பொண்டாட்டி ராக்காயி அடுப்ப இடிச்சீங்க. கெடைக்கல. எங்க இருந்துச்சுன்னு சொல்லட்டா? கோழிக்கூட்டுக்கு அடியில. கோழிங்களப் புடிச்சுக்கிட்டுப் போனீங்க, கூட்ட விட்டுட்டீங்க.

சிரிங்க ஐயா, பரவால்ல. நானும் அன்னிக்குச் சிரிச்சேன்.

அந்த வாரமே, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல ஆள் எடுத்தீங்க. சயாமுக்கு, ரயில் ரோட்டு போட. மூணே மாசம், நல்ல சாப்பாடு, திரும்பி வந்துரலாம்னீங்க. ஒத்தப் புள்ள வச்சிருக்கிற வீட்டத் தொடமாட்டோம்னும் நீங்கதான் சொன்னீங்க. பேரு படிக்கல, ஒன்னும் படிக்கல. கொடக் காம்ப நீட்டி இவன், இவன்னு காட்டிக்கிட்டே வந்தீங்க. எங்க ஒத்தப் புள்ள நடராஜா முன்னால வந்து நின்னீங்க. என்னயப் பாத்தீங்க. இப்பவாச்சும் சொல்லுறியான்னு கேட்டீங்க. வாயால இல்ல, கண்ணால. நான் தொரைக்குக் குடுத்த வாக்க நெனச்சுக்கிட்டு நின்னேன். கொட நீண்டுச்சு.

ஆபீசர் கேட்டாருன்னா? ஆபீசர் ஆளு வேணும்னுதான் கேட்டான். எம்மவனக் கேட்டானா? அவனுக்கு எம்மவனத் தெரியுமா?

விடுங்க. மணியத்தத் தெரியும்ல, கூடப் போனவன். அவன் ஓடி வந்துட்டான். காட்டுக்குள்ளயே நடந்து பாலிங் பக்கம் வந்து சேந்தான். எலும்பும் தோலுமா. அவந்தான் சொன்னான். வாந்திபேதி. ஒரே நாளு. காலையில மண்ணு சொமந்தான், பொழுது சாய ஆளில்ல. செத்தவங்க எல்லாரையும் மூங்கில் மேல அடுக்கிக் கொளுத்துனாங்களாம். உசுரு முழுசாப் போவாதவனும் அதுல இருந்தானாம். நடராஜா போயிட்டானா இருந்தானான்னு நான் கேக்கல. மணியமும் சொல்லல.

அதுக்கப்பறம் எனக்கு என்ன வாக்கு ஐயா? யாருக்கு வாக்கு?

இருங்க, காசுக்குத்தான் வர்றேன். காசுக்காகத்தானே வந்தீங்க.

பக்கத்து வீட்டுச் செல்லாயி செத்தப்ப நீங்க வரல. கால்ல புண்ணு, பட்டினி. சாக்குத் துணியோடதான் கெடந்தா. அவ புருசன் பிச்ச அவளக் குளிப்பாட்டி, மஞ்சள் இல்லாம, வெறும் சந்தனக் கட்டைய ஒரசி நெத்தியில வச்சான். வச்சிட்டு மடியத் தடவுறான். நெத்திக்குக் காசு வேணுமே. லயம் பூராக் கேட்டாச்சு. ஒரு செப்புக் காசு இல்ல. ஜப்பான்காரன் காலத்துல ஏது காசு? எல்லாம் வாழமரம் போட்ட நோட்டு. பிச்ச என்ன பண்ணான் தெரியுமா, அந்த நோட்ட நாலா மடிச்சு அவ நெத்தியில ஒட்டுனான். சந்தனம் ஈரம். வழுக்கி மூக்குல வந்து நின்னுச்சு. திரும்ப ஒட்டுனான். திரும்ப வழுக்குச்சு. பொம்பளைங்க ஒப்பாரிய நிறுத்திட்டாங்க. ஒருத்தி சிரிச்சுட்டா ஐயா. சிரிச்சுட்டுத் தலையில தலையில அடிச்சுக்கிட்டா.

நான் எந்திரிச்சுப் போயிக் கோழிக்கூட்டத் தோண்டுனேன்.

பெரிய பாஸ்தினா கையில வந்தா. அந்தக் காசுக்குப் பின்பக்கம் ஒரு மயிலு இருக்கும். ராணி செத்தா அந்த மயிலுதான் மேல தூக்கிக்கிட்டுப் போவும்னு தொர ஒரு தடவ சொல்லியிருந்தாரு. கொண்டாந்து செல்லாயி நெத்தியில வச்சேன். அமுக்கி வச்சேன், மூஞ்சியிலதான் வெரல வச்சு. அப்படியே ஒட்டி நின்னுச்சு. யாருண்ணே இதுன்னான் பிச்ச. ராணிடா, ஒம் பொண்டாட்டிக்குத் தொணைன்னேன். அதோடயே பொதைச்சோம்.

அதுக்கப்பறம் சாவு விழுந்தா எங்கிட்டத்தான் வருவாங்க. நீங்க அரிசிய நிறுத்துனீங்கல்ல, அந்த மழக்காலத்துல சாவுக்குப் பஞ்சமேயில்ல. ராமையாவுக்கு மக பாஸ்தினா. மண்டோர் சம்சாரத்துக்கு ஜூலியா, ஒரே மூஞ்சிதானே, சேந்து கெடக்கட்டும்னு. காச்ச வந்து போன பச்சப்புள்ளைக்குக் குட்டிக் காசு. தொர சீமையில இருந்து தேடித்தேடி வாங்குன அம்புட்டுப் பேரும் இப்பச் சுடுகாட்டு மேட்டுல படுத்திருக்காளுக. அவரு கேட்டா நானே சொல்லுவேன். பாத்துக்கச் சொன்னீங்க தொர, நல்லாப் பாத்துக்கிட்டேன், ஆளுக்கொரு பொணத்துக்கிட்ட ஒப்படச்சிருக்கேன்னு. அவரு அழுவாரு. அழுவட்டும். அதக் கண்ணால பாக்கணும்னே இன்னும் உசுரோட இருக்கேன்.

ஆமா ஐயா. அங்கதான். அதத்தான் அந்த எடம்னேன். மம்புட்டி வேணுமா? குழி ஒன்னொன்னும் யாரோடதுன்னு எனக்குத் தெரியும், காட்டுறேன். எல்லாம் நீங்க அனுப்பி வச்சவங்கதான். ஐயா வந்திருக்காருன்னா மாட்டேம்பாங்களா?

எங்க ஓடுறீங்க? கதவு தொறக்காது. வெளியில கொண்டி போட்டிருக்கு. நீங்க படியேறி வந்து இருளப்பண்ணேன்னீங்களே, அப்பவே ராக்காயி பின்பக்கமா எறங்கிப் போயிட்டா. போறப்ப முன்கதவு பின்கதவு ரெண்டுக்கும் போட்டுட்டுப் போனா. எங்கன்னா? பள்ளிக்கூடத்துலதானே பிந்தாங் தீகாக்காரனுங்க எறங்கியிருக்கானுங்க. கெழவி நடை, அதான் இம்புட்டு நேரம். ஒங்கள எப்படி உக்கார வைக்கிறதுன்னு நானும் பாத்தேன். காசப் பத்திப் பேசுனா உக்காருவீங்கன்னு தெரியும்.

உக்காரு.

மழ விட்டிருச்சு பாரு. செம்மண் ரோட்டுல அஞ்சாறு தொப்பி தெரியுது. முன்னால வர்றது ராக்காயிதான்.

இதுவா? காசு ஒன்னு பாக்கி இருந்துச்சுதான். அம்புட்டுப் பேரும்னு சொன்னப்ப இத நான் எண்ணல. கண்ணு போவுது பாரு, இந்த நேரத்துலயும். ஒனக்கில்ல இது. நான் செத்தா எனக்கு வைக்கச் சொல்லி ராக்காயிகிட்டச் சொல்லியிருக்கேன். எம்மவன் நெத்தி வெறும் நெத்தியாத்தான் வெந்துச்சு. ஒன் நெத்தியும் அப்படியே போவட்டும்.