புதுத்தண்ணீர் மஞ்சளாகத்தான் வரும்

டீயைக் குடியுங்கள் மேடம். இந்தக் கடை டீயை ஆறவிட்டால் பிறகு குடிக்க முடியாது. அவசரம் ஒன்றுமில்லை; உங்கள் விசாரணைக்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

மழைநீர்க் கால்வாயைப் பார்க்க வெளியாட்களை ஏன் அமர்த்தினீர்கள் என்று கேட்டீர்கள். சட்டம் அப்படி. கால்வாயில் ஓடி ஏரியில் விழுகிற தண்ணீர் சுத்தமாக இருக்கிறதென்று நிபுணர் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் நகராட்சியில் நான்தான் பொறியாளர். ரகுபதி சொன்னால் ரகுபதிதானே சொன்னான் என்பார்கள். அதையே வெளியூரிலிருந்து ஒருவர் காரில் வந்து சொன்னால் எழுந்து நின்று கேட்பார்கள். நம் ஜனங்கள் அப்படி. குறையாகச் சொல்லவில்லை.

முதலில் வந்தவர் மதிவதனி. மறைமலை நகரில் சின்னதாக ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறார். நல்ல பெண். ஆனால் ஆலோசகருக்கு உண்டான லட்சணம் ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டரில் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகக் கால்வாயில் இறங்கிவிட்டார். உள்ளே நின்றபடியே அண்ணாந்து என்னைக் கேட்டார்:

"சார், மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. இதுல எப்படி தண்ணி ஓடிக்கிட்டிருக்கு?"

என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. பதிலும் எனக்குத் தெரியும். மேலே கொஞ்ச தூரத்தில் வெங்கடேசனின் பட்டறை இருக்கிறது. கார் கம்பெனிகளுக்குப் போகும் சின்னச் சின்ன பாகங்களுக்கு அங்கே பளபளவென்று குரோமியம் முலாம் பூசுவார்கள். கழிவு நீருக்கென்று தனியாகச் சுத்திகரிப்பு வேண்டும். வெங்கடேசன் அதைக் கட்டி முடிக்கவில்லை. முடிக்கும் வரைக்கும் என்று குழாயைக் கால்வாயில் சொருகியிருந்தார். கோடையில்தான் என்னிடம் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

இங்கே என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் மனதையும் நோகடிக்க எனக்கு வராது. கல்யாணமான புதிதில் மனைவி உப்புமாவில் உப்புப் போட மறந்தாள். அதற்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அன்று முதல் எங்கள் வீட்டு உப்புமாவில் உப்பு கிடையாது.

ஒரு வாரத்தில் மதிவதனி மறுபடி வந்தார். தண்ணீரில் குரோமியம் இருக்கிறது, ஏரிக்கரைக் கிணற்றிலும் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் தொட்டியில் ஏறி ஏரிக்கரைத் தெருவுக்குப் போகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், இன்றைக்கே நிறுத்துங்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார். நன்றி சொல்லி, வாசல் வரை போய் வழியனுப்பினேன். கிணற்றில் நகராட்சி ஆள் கூட இல்லாமல் மாதிரி எடுத்தார் என்ற காரணத்தைச் சொல்லி மறுநாள் ஒப்பந்தத்தை ரத்து செய்தேன். பாவம், அதைப் போனில் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா.

வெங்கடேசனிடம் பேசாமல் இல்லை. காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடக்கப் போவோம். ஆனால் அவருக்கு மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைக் கட்டோடு அலைகிற மனுஷனிடம் போய் பட்டறையை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது? அதனால் ஒரு வழி சொன்னேன். தினமும் விட வேண்டாம், தொட்டியில் சேர்த்து வையுங்கள், மழை பெய்யும்போது திறந்து விடுங்கள், மழையோடு மழையாகப் போய்விடும் என்றேன். எந்த ஆலோசகரும் கொடுத்த யோசனை இல்லை மேடம் அது. என்னுடையது. அவருக்கு மிகவும் திருப்தி. கல்யாணத்தில் சாப்பாடும் நன்றாக இருந்தது.

பிறகு ஹேமந்த் வந்தார். சென்னையில் பெரிய நிறுவனம். இவரைப் பார்த்ததும் எங்கள் அலுவலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளை ஷூ. கால்வாய் ஓரத்தில்கூட நிற்கவில்லை. பாலத்தின் மேல் நின்றார், எங்கள் டிரைவர் மோகன் வெயிலுக்குக் குடை பிடித்தான். ஹேமந்த் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"சார், ரிசல்ட் எப்படி வரணும்னு உங்களுக்கு ஏதாவது எதிர்பார்ப்பு இருக்கா?"

நல்லபடியாக வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்றேன். மாதிரி எங்கே எடுக்கலாம் என்றார். பட்டறைக் குழாய்க்கும் மேலே, நெடுஞ்சாலை ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினேன். அங்கே பழைய மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும், வேறொன்றும் வராது. முடிவு அற்புதமாக வந்தது. மன்றக் கூட்டத்தில் திரை கட்டி விளக்கினார். கடைசிப் படத்தில் கண்ணாடி மாதிரி ஓர் ஓடை, பக்கத்தில் வாத்துகள். எந்த நாட்டு ஓடையோ. கவுன்சிலர் எல்லப்பன், இந்த வாத்து நம்ம ஏரிக்கு எப்ப சார் வரும் என்று கேட்டார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

முதல் மழை வந்தது. வெங்கடேசனும் தொட்டியைக் கொஞ்சம் திறந்து விட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் கிளியம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ஏரிக்கரைத் தெருவில் மெஸ் நடத்துகிறவர். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள் அந்தத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஷிப்டு விட்டு எந்த நேரத்துக்கு வந்தாலும் சோறு போடுவார். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா சார் இது, தண்ணி மஞ்சளா வருது. உலை வெச்சா சோறே மஞ்சளா கீது. பசங்க இன்னாக்கா, தெனம் எலுமிச்ச சாதமான்னு கிண்டல் பண்ணிகினு கீறானுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. மழைக்காலத்தில் புதுத்தண்ணீர் மஞ்சளாகத்தான் வரும் என்றேன். அவர் விடவில்லை. தெருவே பயந்து குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டதாகவும், தானும் சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்குவதாகவும், இப்படியே போனால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

பயம் பொல்லாதது மேடம். ஜனங்கள் பயந்து கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மறுநாளே ஹேமந்தை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். அவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று விளக்கினார். பாதி ஆங்கிலம். யாருக்கும் புரியவில்லை, அதனாலேயே ஒரு மரியாதை வந்தது. ஆனாலும் முகங்கள் தெளியவில்லை. நான் ஒரு டம்ளர் கேட்டு வாங்கினேன். கிணற்று மோட்டார் அறைக்குள் போய், நிறைய ஊற்றிக்கொண்டு வெளியே வந்து, அத்தனை பேர் முன்னாலும் நின்று நிதானமாகக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும்.

டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். கிளியம்மாள்தான், "சாரே குடிக்கிறாரு, நமக்கு இன்னா," என்றார். அன்று மதியமே கேனை நிறுத்திவிட்டார். குழாயில் குடங்கள் வரிசை கட்டின.

அடுத்து வந்தது பெரிய மழை. கல்யாணச் சந்தடியில் சேர்ந்து மிச்சம் கிடந்ததையெல்லாம் வெங்கடேசன் அன்றைக்குத்தான் மொத்தமாகத் திறந்து விட்டிருக்கிறார். தெரு முழுக்க வாந்தி. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றபோது ஏறுவதற்கு ஆளில்லை. நான்கு பேர் இறந்தார்கள். நான்கு பேருமே கிளியம்மாள் மெஸ்ஸில் சாப்பிட்ட வடநாட்டுப் பையன்கள். ஒருவன் பெயர் இன்னும் என் வாயில் சரியாக நுழையவில்லை. கற்றுக்கொள்கிறேன்.

ஹேமந்தைக் குறை சொல்லாதீர்கள், காட்டிய இடத்தில் எடுத்தார். வெங்கடேசனையும் ரொம்பப் படுத்தாதீர்கள், சொன்னபடி செய்தார். மதிவதனி சொன்னது முழுக்க உண்மை. எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். இன்னொன்று, நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மோட்டார் அறைக்குள் நான் டம்ளரில் ஊற்றியது குழாய்த் தண்ணீர் இல்லை. வீட்டிலிருந்து பையில் கொண்டுபோன கேன் தண்ணீர்.

கிளியம்மாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, டயாலிசிஸ் எந்திரத்தோடு இணைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. பையன்கள் இறந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"நீங்களும் குடிச்சீங்களே சார். உங்க ஒடம்பு நல்லா கீதா?"

நல்லா இருக்கேம்மா, ஒண்ணும் இல்லை என்றேன். அப்பாடா என்று கண்ணை மூடினார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி வேறு யார் கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள் மேடம்.